தாத்தாவுக்கு ஒத்துக்கொண்ட சோறு அப்பாவுக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

மன்னை மைந்தன்:
எங்களுக்கு மன்னார்குடி பக்கம் கிராமம். அப்பாவுக்கு 57 வயது, சொந்த விவசாயம், ஒல்லியான ஆள், குடி கிடையாது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்தபோது சுகர் அதிகமாக இருந்தது, அப்புறம் வெறும் வயிற்றில் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டார்கள். ‘சோற்றைக் குறைங்க, சப்பாத்தி சாப்பிடுங்க’, அவ்வளவுதான் ஆலோசனை. எங்கள் தாத்தா காலையில் பழையது, மதியம் சோறு, ராத்திரியும் சோறு என்று எண்பது வயது வரை இருந்தார். அதே மண், அதே நெல். எது மாறிப்போனது? உரமா, ரகமா? சப்பாத்தியை அப்பா கையால் கூடத் தொட மாட்டார், அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
தம்பி, உங்க தாத்தாவுக்குச் சுகர் இல்லை என்று யார் பார்த்தது? அந்தக் காலத்தில் டெஸ்ட் எடுத்தவர் எத்தனை பேர்? சரி, அது கிடக்கட்டும். ஏர் பிடித்து, அண்டை வெட்டி, நாற்று முடி சுமந்து, கதிர் அறுத்துக் களத்தில் அடித்து, எல்லாம் உடம்பால் செய்த ஆளுக்கு அந்தச் சோறு போதாமல்கூடப் போயிருக்கும். இப்போது உழவுக்கு டிராக்டர், நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின். நானும் விவசாயிதான், என் பிழைப்பைச் சொல்கிறேன்: பைக்கில் வரப்பு வரை போய்த் தண்ணி ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு நேரே டீக்கடை. ஆளுக்கு ஒரு டீ, கூட ஒரு பஜ்ஜி, பேச்சு நீண்டால் இன்னொரு டீ. வேலை குறைந்துவிட்டது, தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பா ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறார், எவ்வளவு சர்க்கரை என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

கோட்டூர் மருமகள்:
அண்ணன் சொல்வது பாதிதான். சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. என் மாமியார் சொல்வார், வயலில் களை எடுக்கப் போனால் மடியில் ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் இருக்குமாம், வாய்க்காலில் கெளுத்தி, குறவை, வரப்பு வளையில் நண்டு, கோடையில் குளம் வற்றினால் மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊரே இறங்குமாம். காசு கொடுக்காமல் கிடைத்த குழம்பு அது. இப்போது நட்ட கையோடு களைக்கொல்லி அடிக்கிறோம், ஆரைக்கீரை நமக்கே களையாகிவிட்டது. சம்பா அறுப்புக்கு முன்னாலேயே ஈரத்தில் உளுந்தும் பாசிப்பயறும் தெளித்துவிடுவோம் அல்லவா, அதுவும் குறைந்துவிட்டது, அறுப்பு மெஷின் செயின் ஏறினால் முளைத்தது நசுங்கிப் போகிறது. மிச்சம் ரேஷன். அரிசி 2011 முதல் இலவசம், துவரம்பருப்போ கார்டுக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். நாலைந்து பேர் உள்ள வீட்டில் அந்த ஒரு கிலோ எத்தனை நாளைக்கு வரும்? அதனால் சாம்பார் தண்ணியாகிறது, அந்தத் தண்ணிச் சாம்பாருக்குச் சோறு இன்னும் ஒரு கரண்டி கூடப் போகிறது. இதில் அரிசியைத் திட்டி என்ன பிரயோஜனம்? இலவசமாகக் கிடைப்பதைத்தான் வயிறு நிறையச் சாப்பிட முடியும்.

வேதை வாத்தியார்:
எல்லாம் சரி, பாரம்பரிய ரகத்துக்கு மாறினாலே போதும். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் வாங்கிய மாப்பிள்ளைச் சம்பாவைத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம், சுகரே எட்டிப் பார்க்காது.

தஞ்சை நர்ஸக்கா:
சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். நெல் ஜெயராமன் அந்த ரகங்களை மீட்டது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் எந்த ரகமானாலும் அது அரிசிதான், மருந்தல்ல. தவிடு நீங்காமல் சாப்பிட்டால் நார்ச்சத்து கிடைக்கும், மில்லில் கொடுத்து வெள்ளையாகத் தீட்டி வாங்கினால் அந்தப் பலனும் போய்விடும். சப்பாத்தியும் மாவுச்சத்துதான், நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் ஒரு தட்டுச் சோற்றுக்குக் குறைந்ததில்லை. கேழ்வரகைக் கூழாகக் கரைத்துச் சொம்பு சொம்பாகக் குடித்தாலும் சுகர் ஏறும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாள் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் (கலோரியில்) தானியத்திலிருந்து வருவது 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். நம் ஊர்த் தட்டு அதை வெகு தூரம் தாண்டிவிட்டது.

மன்னை தம்பி, அப்பாவுக்குச் சோறே போடுங்கள். முதலில் கீரையோ புடலங்காய்க் கூட்டோ பாதித் தட்டு வைத்துவிட்டு அப்புறம் சோறு, கூட ஒரு முட்டை அல்லது கெட்டிப் பருப்பு அல்லது மீன். மத்தி, நெத்திலி விலை மலிவுதான், பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். ஒன்றே ஒன்று, மாத்திரை போட்டுக்கொண்டு சோற்றை ஒரேயடியாகப் பாதியாக்காதீர்கள், சில மாத்திரைகளுக்குச் சுகர் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். ஆமாம், அம்மாவுக்குப் பார்த்தாயிற்றா?

மன்னை மைந்தன்:
அம்மாவுக்குப் பார்க்கவில்லை அக்கா, சுகர் பார்க்க வீட்டுக்கு வந்த அன்று அம்மா நடவுக்குப் போயிருந்தார். எல்லோருக்கும் போட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மிஞ்சிய சோறும் ரசமும்தான் அவருக்கு, அந்த நேரத்தில் குழம்பில் காயே இருக்காது. டீ எண்ணிப் பார்த்தேன், அப்பாவுக்கு ஆறு.

தஞ்சை நர்ஸக்கா:
ஆறா! அதை முதலில் சர்க்கரை இல்லாத இரண்டாக்குங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள், 30 வயது தாண்டிய யாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். சுகரோடு ரத்தசோகையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கோட்டூர் மருமகள்:
அப்படியே அம்மாவுக்கான காயை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள் தம்பி, நீங்களே எடுத்து வையுங்கள், அவர் எடுத்து வைக்கவே மாட்டார்.