பாட நோக்கம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர என்ன செய்கிறீர்கள்?

தாராவி டீச்சர்:
வணக்கம். தாராவியில் தமிழ்வழி நான்காம் வகுப்பு எடுக்கிறேன். இந்த வாரம் பின்னம். பலகையின் மேல் ஓரத்தில் 'பின்னங்களை ஒப்பிடுதல்' என்று நோக்கம் எழுதுகிறேன். பிள்ளைகளும் தேதிக்குக் கீழே அழகாக எழுதிக்கொள்கிறார்கள். "இன்னைக்கு என்ன கத்துக்கப் போறோம்?" என்று கேட்டால் பக்க எண்ணைத்தான் சொல்கிறார்கள். பார்வையிட வருகிறவர்களுக்குப் பலகையில் இருந்தால் போதும். எனக்குப் போதவில்லை, பிள்ளைக்குத் தெரிய வேண்டும். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

சயான் கணக்கு சார்:
டீச்சர், நீங்கள் எழுதியது நமக்கான தலைப்பு. மத்திய அரசின் கல்வி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2017இல் வெளியிட்ட கற்றல் விளைவுகளையும், அதாவது எந்த வகுப்பில் பிள்ளை எதைக் கற்றிருக்க வேண்டும் என்ற பட்டியலையும், அப்படியே பலகையில் ஏற்றினால் பிள்ளைக்கு ஒட்டாது. வகுப்பு முடியும்போது பிள்ளை எதைச் செய்து காட்ட வேண்டும்? அதை எழுதுங்கள். நான் எழுதுவது: "1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று படம் வரைவேன். ஏன் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வேன்." 'புரிந்துகொள்வேன்' என்று எழுதினால் புரிந்ததா இல்லையா என்று பிள்ளையால் எப்படிப் பார்க்க முடியும்?

இன்னொன்று, மணி அடித்தவுடனே எழுத வேண்டாம். முதலில் 1/3, 1/4 இரண்டையும் போட்டு எது பெரிது என்று கை தூக்கச் சொல்லுங்கள். 4 பெரிய எண்ணாச்சே என்று நிறையப் பேர் 1/4 பக்கம் போவார்கள். உடனே, ஒரே அளவு கடலைச் சிக்கி இரண்டு, ஒன்று மூன்று பேருக்கு, இன்னொன்று நான்கு பேருக்கு என்று கேளுங்கள். வாக்குவாதம் கிளம்பும். அந்த நேரத்தில் எழுதுங்கள், எதற்கென்று அவர்களுக்கே விளங்கும்.

செம்பூர் மேடம்:
சார் சொன்னதோடு, முடித்த வேலை எப்படி இருக்கும் என்றும் காட்டிவிடுங்கள். இரண்டு விடைகளை நீங்களே வரைந்து வையுங்கள். ஒன்றில் 1/3க்கும் 1/4க்கும் வரைந்த முழுப் பட்டைகள் ஒரே நீளம். மற்றதில் 1/4க்கான பட்டையை நீளமாக வரைந்து, அதன் துண்டே பெரிதாகத் தெரியும்படி விடுங்கள். பிள்ளைகள் அடிக்கடி வரைவது இந்த இரண்டாவதைத்தான். எதை நம்பலாம் என்று கேட்டால், முழுசு ஒரே அளவாக இருக்கணும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தாராவி டீச்சர்:
ரொம்ப நன்றி. கட்டம் போட்ட நோட்டில் வரையச் சொல்லலாமா?

சயான் கணக்கு சார்:
தாராளமாக. 12 கட்ட நீளப் பட்டை வையுங்கள். 1/3க்கு 4 கட்டம், 1/4க்கு 3 கட்டம். அப்புறம் கடைசி ஐந்து நிமிடத்தில் 1/5, 1/6 கொடுங்கள். 12 கட்டம் ஐந்தாகச் சரியாகப் பிரியாது. எண்ணிப் பார்க்காமலே காரணம் சொல்கிற பிள்ளை நோக்கத்தைத் தொட்டுவிட்டது. மற்றவர்களுக்கு மறுநாளும் அதே நோக்கத்தை எழுதுங்கள்.