தாத்தா வீடு குழு: சின்ன அறையின் படம்

கோவை அக்கா (காலை 7.10): அம்மா, மாமனார் மறுபடியும் கேட்டுவிட்டார். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தால் எங்கே படுப்பது என்று. முழங்கால் அறுவை முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது, தரையில் படுக்க முடியாது. அந்தச் சின்ன அறையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

பெரியம்மா: [படம்]

தம்பி: அறையா, அலமாரியா?

பெரியம்மா: அலமாரி மாதிரித் தெரிவதுதான் கட்டில். சுவரோடு மடங்கியிருக்கிறது.

கோவை அக்கா: இதை அனுப்பினால் அலமாரிக்குள் படுக்க வைக்கிறார்கள் என்பார். விரித்துப் போட்டு எடுங்கள்.

பெரியம்மா: விரித்தால் கதவு வரை வந்துவிடுகிறது. நான் எங்கே நிற்பது?

சித்தப்பா: அண்ணி, அறையே 10க்கு 8 அடி. உள்ளே நிற்காதீர்கள். கூடத்தில், நிலைப்படியை ஒட்டி நில்லுங்கள். போனில் 0.5 என்பதைத் தொட வேண்டாம். அறை பெரிதாகத் தெரியும், ஆனால் ஓரத்து நாற்காலி இழுத்த சப்பாத்தி மாதிரி ஆகிவிடும். நேரில் பார்க்கும் சம்பந்தி ஏமாந்துபோவார். போனை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் சுவரும் சாயும். மஞ்சள் பல்பை அணையுங்கள், ஜன்னல் வெளிச்சத்தோடு அது கலந்தால் துவைத்த விரிப்பும் அழுக்காகத் தெரியும். முக்கியமாக, ஸ்டூலில் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனை வைத்து, அசைக்காமல் மூன்று படம்: கட்டில் மடங்கியது, பாதி இறங்கியது, முழுதாக விரித்தது. அப்போதுதான் இடம் எப்படி மிச்சமாகிறது என்று அவருக்குப் புரியும்.

பெரியம்மா: சரி.

சித்தப்பா: இன்னொன்று. இதற்கு மர்ஃபி கட்டில் என்று பெயர். 1900 வாக்கில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒற்றை அறையில் குடியிருந்த மர்ஃபி என்பவர் செய்தது. அது பொதுப்பெயராகிவிட்டது என்று 1989-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே

சித்தி: இவருக்கு வைத்த காபி ஆறி அரை மணி நேரம் ஆகிறது.

பெரியம்மா (8.40): [படம்] [படம்] [படம்]

தம்பி: மூன்றாவது அருமை.

தஞ்சாவூர் அத்தை: இரண்டாவது படத்தில், நிலைக்கண்ணாடியில் தெரிவது என்ன?

பெரியம்மா: பரண்.

தஞ்சாவூர் அத்தை: பரண்மேல்?

தஞ்சாவூர் அத்தை: பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அம்மாவின் பித்தளை அண்டா. 2015 வெள்ளத்தில் கீழ் வீட்டிலிருந்து போய்விட்டது என்றீர்களே அண்ணி?

பெரியப்பா: இன்று அமாவாசையா?

சித்தப்பா: கண்ணாடியில் துண்டைப் போட்டு மறைத்துவிட்டு எடுக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

பெரியம்மா: அது வேறு அண்டா.

தஞ்சாவூர் அத்தை: ஒரு காது இல்லாத அண்டா ஊரில் எத்தனை இருக்கிறது? கிணற்றடியில் போட்டு அந்தக் காதை உடைத்ததே நான்தான். அப்பாவிடம் அடி வாங்கியதும் நான்.

கோவை அக்கா: கட்டில் எவ்வளவு உயரம் என்று யாராவது சொல்லுங்கள்!

பெரியம்மா: முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே.

தம்பி: அறுவை செய்த முழங்காலுக்கா?

சித்தப்பா: அளவு நாடாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். 18 அங்குலம் இருந்தால் எழுந்திருப்பது சுலபம்.

பெரியம்மா (9.15): [படம்] 15.

சித்தி: மேலே இன்னொரு மெத்தை போடலாமே?

சித்தப்பா: போட்டால் மடங்காது.

பெரியப்பா: சம்பந்தி என் கட்டிலில் படுக்கட்டும். நான் சின்ன அறைக்குப் போகிறேன்.

பெரியம்மா: அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை அலமாரியிலா? பேசாமல் இருங்கள்.

சித்தி: அப்படியென்றால் சம்பந்தி அம்மா எங்கே படுப்பார்?

தஞ்சாவூர் அத்தை: அண்ணி, அண்டாவை இறக்கித் தனியாக ஒரு படம். மஞ்சள் பல்பை அணைத்துவிட்டு.

கோவை அக்கா: மாமனார் பக்கத்திலேயே நிற்கிறார். எந்தப் படத்தைக் காட்டுவது?