த்ராட்டிலை விட்ட பிறகும் ரேஸ் இறங்கவில்லை: பாராமோட்டார் செட்டப், உதவி தேவை

புதுச்சிறகு:
வணக்கம் நண்பர்களே. பழைய பாராமோட்டார் (முதுகில் எஞ்சினை மாட்டிக்கொண்டு பாராகிளைடரில் பறப்பது) ஒன்று வாங்கியிருக்கிறேன். 185 சிசி டூ ஸ்ட்ரோக், டயாஃப்ரம் கார்புரேட்டர். கிளட்ச் கிடையாது, அதனால் ஐடிலிலேயே ப்ரொப்பெல்லர் சுற்றும். விங்கை, அதாவது துணிச் சிறகை, தரையில் கையாளுவது ஓரளவு வசப்பட்டுவிட்டது. பயிற்சியாளரிடம் கொண்டுபோவதற்கு முன் கேஜ் (ப்ரொப்பெல்லரைச் சுற்றிய வலைக்கூண்டு), ப்ரொப்பெல்லர், ஹார்னஸ் (பெல்ட்டோடு கூடிய இருக்கை) எல்லாம் மாட்டி ஒழுங்குபண்ணி வைக்கப் பார்க்கிறேன்.

பிரச்சினை இதுதான். எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலும் சரியாக நிற்கிறது. ஆனால் த்ராட்டிலை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் ரேஸ் சட்டென்று இறங்குவதில்லை. மூன்று நான்கு விநாடி அப்படியே நின்று, அப்புறம்தான் இறங்குகிறது. சில நேரம் ஒழுங்காக இறங்கிவிடுகிறது, அதுதான் குழப்பம். பெட்ரோல் புதிது, ஆயில் 2.5 சதவீதம்.

இன்னொன்றும் உண்டு. உத்திரத்தில் மாட்டித் தொங்கிப் பார்த்தபோது ரொம்பவும் மல்லாந்து போகிறேன். இதற்கு முன் வைத்திருந்தவர் என்னைவிட நல்ல கனமான ஆள்.

மேல்காற்று:
ஐடில் ஸ்குரூவைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள், சரியாகிவிடும். பழைய எஞ்சின் என்றால் கொஞ்சம் இப்படித்தான் இருக்கும்.

ஸ்பேனர்பெட்டி:
ஸ்குரூவைத் தொடாதீர்கள். ரேஸ் கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்பதைத்தான் அது தீர்மானிக்கும். இறங்கி வர ஏன் தாமதம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தளர்த்தினால் ஐடிலில் அணைந்துபோகும் எஞ்சின் ஒன்று கிடைக்கும், கோளாறு அப்படியே உள்ளே இருக்கும்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கேபிள் முழுதாகத் திரும்பாமல் த்ராட்டில் கொஞ்சம் திறந்தே நிற்கிறது. இல்லையென்றால் எங்கோ ஏர் லீக் ஆகி, கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடுகிறது. "சில நேரம் சரியாக இறங்குகிறது" என்கிறீர்கள், எனக்கு முதலில் கேபிள்மேல்தான் சந்தேகம்.

இதைக் கண்டுபிடிக்க எஞ்சினை ஓடவிட வேண்டியதே இல்லை. ஹார்னஸில் தொங்குங்கள், த்ராட்டிலைக் கையில் பிடித்து, பறக்கும்போது பிரேக் பிடிக்கும் உயரத்துக்குக் கையைத் தூக்குங்கள். பின்னால் ஒருவர் நின்று கார்புரேட்டர் லீவரைப் பார்க்கட்டும். கையை எங்கே கொண்டுபோனாலும் லீவர் ஐடில் ஸ்குரூவில் போய் உட்கார வேண்டும். அப்புறம் லீவரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு லீவரை விரலால் திறந்து விடுங்கள். டக்கென்று திரும்புகிறதா பாருங்கள். கழற்றினால் நன்றாகத் திரும்புகிறது, மாட்டினால் இல்லை என்றால் கேபிள்தான்.

இறங்குதுறை:
சோதனைக்கு முன் ஒரு கேள்வி. ஸ்டார்ட் எப்படிச் செய்கிறீர்கள்? தரையில் வைத்தா, முதுகில் மாட்டிக்கொண்டா?

புதுச்சிறகு:
தரையில் வைத்து, ஒரு கையால் கேஜைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கயிற்றை இழுக்கிறேன்.

இறங்குதுறை:
அதை இன்றோடு விடுங்கள். பாராமோட்டாரில் கை, விரல் போகிற விபத்துகளில் நிறைய பறக்கும்போது நடப்பதில்லை, ஸ்டார்ட் செய்யும்போதுதான் நடக்கின்றன. உங்கள் அளவு எஞ்சின் முழு த்ராட்டிலில் 60 முதல் 75 கிலோ வரை தள்ளும். கேபிள் சிக்கி முழு ரேஸில் பிடித்துக்கொண்டால் ஒரு கையால் நிறுத்திவிட முடியும் என்று நினைக்கிறீர்களா? அது உங்கள் மேல் பாயும், கை தானாக முன்னால் நீளும், கேஜ் வலை அந்த வேகத்தில் கையைத் தடுக்காது. ரேஸ் திரும்பாத எஞ்சினை இப்படி ஸ்டார்ட் செய்வதை என்னால் ஏற்கவே முடியாது.

முதுகில் மாட்டி, பெல்ட் எல்லாம் பூட்டி, த்ராட்டில் கையில் இருக்கும்போதுதான் ஸ்டார்ட். கயிறு எட்டவில்லை என்றால், பழகிய ஒருவர் இழுக்கட்டும். ப்ரொப்பெல்லர் சுற்றும் தளத்தில் பக்கவாட்டிலோ, பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. ஹெல்மெட், காது மூடி கட்டாயம். சட்டைப் பையில் சாவி, போன் எதுவும் வேண்டாம், காற்று உறிஞ்சினால் நேராக ப்ரொப்பெல்லருக்குத்தான் போகும்.

எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் எப்படி இருக்கிறது?

புதுச்சிறகு:
அழுத்தினால் அணைகிறது. ஆனால் விரலைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்கிறது.

இறங்குதுறை:
அழுத்தும் வரை மட்டும் வேலை செய்யும் பட்டன் என்றால் அது இயல்புதான். ப்ரொப்பெல்லர் முழுதாக நிற்கும் வரை விரலை எடுக்காதீர்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலும் கில் சுவிட்ச் இக்னிஷனை எர்த் செய்துதான் அணைக்கிறது. வயர் அறுந்தால் எஞ்சின் அணையாது, பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்து சூடேறியதும், விங்கை மாட்டுவதற்கு முன் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். கைப்பிடிக்குள் வயர் வளையும் இடத்தில்தான் அதிகம் அறுகிறது.

புதுச்சிறகு:
பார்த்தாயிற்று. கை கீழே இருக்கும்போது லீவர் ஸ்குரூவில் உட்காருகிறது. மேலே தூக்கினால் ஒரு மில்லிமீட்டர் போலத் தள்ளி நிற்கிறது! கேபிள் தோள்பட்டை பெல்ட்டுக்கு அடியில் போய் இறுக்கமாக வளைந்திருந்தது. பெல்ட்டுக்கு வெளியே எடுத்து, வளைவைப் பெரிதாக்கி, கொஞ்சம் ஆட்டம் விட்டேன். இப்போது எந்த நிலையிலும் லீவர் முழுதாகத் திரும்புகிறது.

முதுகில் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் இன்னும் ஒரு விநாடி இழுக்கிறது.

மேல்காற்று:
அப்படியென்றால் ஏர் லீக்கும் இருக்கிறது. ஐடிலில் ஓடவிட்டு இன்டேக் பக்கம் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடியுங்கள். ரேஸ் மாறினால் லீக் அங்கேதான்.

ஸ்பேனர்பெட்டி:
பைக்கில் செய்யலாம். இங்கே ஸ்பிரே அடிக்கிற கைக்கு ஒரு சாண் தூரத்தில் ப்ரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருக்கும். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஓடவிடலாம் என்றும் யாராவது சொல்வார்கள், அதுவும் கூடாது. சுமை இல்லாமல் ரேஸ் எகிறி எஞ்சின் உடையும்.

அணைத்த எஞ்சினிலேயே சோதிக்கலாம். கார்புரேட்டரைக் கழற்றுங்கள். சைலன்ஸரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் வைத்து அடையுங்கள், பல்ஸ் குழாய் (கார்புரேட்டரின் பெட்ரோல் பம்பை இயக்க எஞ்சினிலிருந்து அழுத்தம் கொண்டுபோவது) வாயையும் அடையுங்கள். இன்டேக் ரப்பர் மூட்டின் வாயில் ஒரு அடைப்பான் வைத்து, அதன் வழியாக கைப்பம்பில் 0.4 பார் அளவுக்குக் காற்றடியுங்கள். அதற்குமேல் வேண்டாம், ஆயில் சீல் பாவம். சில நிமிடமாவது அழுத்தம் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

உங்கள் எஞ்சினில் ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் ஒருவழித் தகடு) இருந்தால் கார்புரேட்டர் பக்கமிருந்தேதான் அடிக்க வேண்டும். கிரான்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) பக்கமிருந்து அடித்தால் ரீட் மூடிக்கொள்ளும், இன்டேக் ரப்பர் சோதனைக்குள்ளேயே வராது. பலர் இதைத் தவறவிட்டு "லீக் இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இதை அலட்சியம் செய்யாதீர்கள். ஏர் லீக் உள்ள எஞ்சின் தரையில் ரேஸ் நிற்பதோடு விடாது. முழு த்ராட்டிலில் ஏறும்போது பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் குறைந்து, சூடு கூடி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அது நடப்பது பெரும்பாலும் டேக்ஆஃப் முடிந்த உடனே, உயரம் இல்லாத நேரத்தில்.

புதுச்சிறகு:
கண்டுபிடித்துவிட்டேன். இன்டேக் ரப்பர் மூட்டின் அடிப்பக்கத்தில் வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. நுரை தடவியதும் குமிழ் வந்தது. புதுசு மாட்டியதும் அழுத்தம் அசையாமல் நிற்கிறது.

ஸ்பேனர்பெட்டி:
நல்லது. இதற்கு முன் வைத்திருந்தவர் லீக்கை ஈடுகட்ட, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் ஊசிகளைத் திறந்து வைத்திருக்கலாம். இரண்டு ஊசியையும் எஞ்சின் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து டியூன் செய்யுங்கள். முழு ரேஸ் ஊசியை எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலான பக்கமே வையுங்கள். பெட்ரோல் குழாயில் குமிழ் ஓடுகிறதா, டேங்க் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தொங்கு சோதனைக்கு வருவோம். கனமான ஆள் முன்னால் உட்காரும்போது மொத்த எடையின் மையம் முன்னால் வரும், அதற்கேற்ப ஹார்னஸை விங்கோடு மாட்டும் புள்ளியை முன்னால் வைத்திருப்பார். நீங்கள் எடை குறைவு, மையம் பின்னால் போய்விடுகிறது, அதனால் மல்லாந்து விழுகிறீர்கள். மாட்டும் புள்ளியை ஒரு துளை பின்னுக்குத் தள்ளுங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. டேங்கில் பாதி பெட்ரோல், ஹெல்மெட், ரிசர்வ் பாராசூட் எல்லாம் சேர்த்துத் தொங்குங்கள். ப்ரொப்பெல்லர் தளம் கொஞ்சம் பின்சாய்ந்தால் போதும், பத்துப் பதினைந்து டிகிரியைத் தாண்ட வேண்டாம். ரொம்பச் சாய்ந்திருந்தால் முழு ரேஸில் எஞ்சினின் முறுக்கு உங்களை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும்.

இறங்குதுறை:
தொங்கும்போதே ரைசரையும் (விங்கின் கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் பட்டை) மாட்டி இன்னொன்றைப் பாருங்கள். பிரேக் கைப்பிடியை விட்டால் அது பின்னால் பறந்து ப்ரொப்பெல்லரைத் தொடும் நீளத்தில் இருக்கிறதா? தொடும் என்றால், ஓடும் எஞ்சினோடு கைப்பிடியை விடக் கூடாது, ரைசரில் உள்ள காந்தத்தில் ஒட்டிய பிறகுதான் கையெடுக்க வேண்டும். அப்புறம் கால் பெல்ட். மாட்டும்போது முதலில் அது, கழற்றும்போது கடைசியில் அது.

புதுச்சிறகு:
ஒரு துளை தள்ளியதும் சரியாக உட்காருகிறது. கடைசிச் சந்தேகம்: ப்ரொப்பெல்லர் மரம். போல்ட்டை நன்றாக இறுக்கியிருக்கிறேன், போதுமா?

ஸ்பேனர்பெட்டி:
"நன்றாக" என்பது அளவு இல்லை. டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். மரம் ஈரத்துக்கு ஏற்பப் பருக்கும், சுருங்கும். அதனால் முதல் ஓட்டத்துக்குப் பின் ஒருமுறையும், வெயில் மழைக் காலம் மாறும்போது ஒருமுறையும் பாருங்கள். இறுக்கியதும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் ஹப் வரை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் ரென்ச்சை எடுக்க வேண்டும். சைலன்ஸர் ஸ்பிரிங்குகளுக்கும் பாதுகாப்புக் கம்பி கட்டுங்கள், ஒன்று கழன்றாலும் போவது ப்ரொப்பெல்லருக்குள்தான்.