சொல்லாக்கம்: ஜெர்ரி ரைஸ் கட்டுரைக்கு 'வைட் ரிசீவர்', தமிழில் என்ன போடலாம்?

சாந்தா கிளாராவிலிருந்து, தமிழ்ப் பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழாம் நிலை மாணவன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜெர்ரி ரைஸைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் அரங்கம் 2014 முதல் எங்கள் ஊரில்தான் இருக்கிறது; பிள்ளைகள் அந்த அணியோடேயே வளர்கிறார்கள். மிசிசிப்பியில் க்ராஃபர்ட் என்ற சிற்றூர், கொத்து வேலை செய்த அப்பா, சாரத்தில் நின்றுகொண்டு சகோதரர்கள் வீசிய செங்கல்லைப் பிடித்த பையன், 1985இல் வீரர் தேர்வில் 16ஆவது ஆளாக எடுக்கப்பட்டது, அதன்பின் 20 பருவங்கள் ஆடியது என்று கட்டுரை அருமையாக வந்திருக்கிறது.

ஆனால் பத்திக்குப் பத்தி 'வைட் ரிசீவர்' வருகிறது. மலர்க் குழு தமிழ்ச் சொல் கேட்கிறது. மொழிபெயர்ப்புச் செயலி 'பரந்த பெறுநர்' என்று தருகிறது. அதைப் போட எனக்கு மனமில்லை. புதன் இரவுக்குள் ஒரு சொல் கிடைத்தால் பக்கம் கட்டுபவருக்கு உதவியாக இருக்கும்.

கோவையிலிருந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

அம்மா, 'பெறுநர்' வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதிப் பழகிய எவருக்கும் அனுப்புநர், பெறுநர் என்று விண்ணப்பத் தாள்தான் நினைவுக்கு வரும். 'பரந்த' என்பது அதைவிடப் பிழை. அகலமாக இருப்பது ஆளா, அவர் நிற்கும் இடமா? முதலில் அது தெளிய வேண்டும். இந்த ஆட்டம் தெரிந்தவர்கள் யாராவது அவர் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்று சொல்லுங்கள். வேலை தெரியாமல் பெயர் வைக்க முடியாது.

டாலஸிலிருந்து:

ஐயா, நான் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்த இடத்தை ஒட்டி, பருத்த ஐந்து பேர் தோளோடு தோள் சேர்ந்து நிற்பார்கள். முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்க அவர்களுக்கு பொதுவாக உரிமை இல்லை. அவர்களை விட்டு வெகுதூரம் தள்ளி, பக்கக் கோட்டுப் பக்கம் போய் நிற்பவர்தான் வைட் ரிசீவர். களத்தின் அகலம் 53 கெசத்துக்குச் சற்று மேல். அந்த அகலத்தை எதிரணி காவல் காத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதே அவர் அங்கே நிற்பதன் நோக்கம். ஆகவே 'வைட்' என்பது இடம்.

'ரிசீவர்' என்பதில்தான் சிக்கல். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுப் பந்து புறப்படும்போது ரைஸ் பல நேரம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இத்தனை அடி ஓடு, இந்தக் காலை ஊன்று, இந்தக் கோணத்தில் வெட்டித் திரும்பு என்று ஒவ்வொரு தடமும் முன்பே பேசி வைத்தது. பந்து ஆளைப் பார்த்து வருவதில்லை. ஆள் வந்து சேரப்போகும் இடத்துக்கு வருகிறது. சும்மா நின்று வாங்கிக்கொள்வதுபோல் ஒலிக்கும் எந்தச் சொல்லும் இவருக்குப் பொருந்தாது.

தஞ்சாவூரிலிருந்து, பேராசிரியர்:

அன்பர்களே, 'ஏந்து' என்ற வேரை விட்டு ஏன் வெளியே போகிறீர்கள்? விளிம்பில் நின்று ஏந்துபவர் விளிம்பேந்துநர். எறிபவர் எறிநர். எறிநர் – ஏந்துநர். எகரத்துக்கு ஏகாரம் மோனை. ஆட்டத்தின் இரு முனையும் ஒரு மோனையில் அடங்கிவிடுகிறது.

ஏந்து என்பது வெறும் பிடித்தலன்று. 'ஏ' என்னும் அடி உயர்ச்சியைக் குறிக்கும்: ஏறு, ஏணி, ஏந்து. உயர்ந்தவனை ஏந்தல் என்றார்கள். மழைநீரைத் தாங்கி நிற்கும் நீர்நிலையும் ஏந்தல். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் எத்தனை ஊர்ப் பெயர்கள் ஏந்தல் என்று முடிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மேலிருந்து வருவதைக் கீழே விழாமல் தாங்குவது என்ற பொருள் அதில் இருக்கிறது. இந்த ஆட்டத்திலும் பந்து தரையில் பட்டால் எறிதல் வீண்தானே?

கோவையிலிருந்து, மென்பொருள் துறை நண்பர்:

பேராசிரியர் ஐயாமீது மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இதைப் படிக்கப்போவது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் அவர்களுடைய தாத்தா பாட்டிகளும். 'விளிம்பேந்துநர்' என்றால் இருவருக்கும் புரியாது. வைட் ரிசீவர் என்று தமிழ் எழுத்தில் எழுதினால் பேரனுக்காவது புரியும். வடசொல்லுக்கே எழுத்தை மாற்றிக்கொண்டு சேர்த்துக்கொள்ள வழி சொன்னது தொல்காப்பியம். கிரிக்கெட்டில் 'விக்கெட்' தமிழாகவில்லையா?

தஞ்சாவூரிலிருந்து, பேராசிரியர்:

அதே தொல்காப்பியம்தான் 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்றும் சொன்னது. காலத்துக்கேற்பப் புதுச்சொல் பிறப்பதை விலக்காதே என்பது அதன் கருத்து. பிறக்க விடாமல் கடன் வாங்கச் சொல்வது எந்த விதி? பிள்ளைகளுக்குப் புரியாது என்று நாமே முடிவுகட்டுவதுதான் எனக்கு வருத்தம்.

டொராண்டோவிலிருந்து:

வணக்கம். எங்கட வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இந்த ஆட்டம் ஓடாமல் இருக்காது, அதனால் கதைக்கிறேன். இலங்கை வானொலியில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்த எங்களுக்குத் துடுப்பாட்டம், களத்தடுப்பு, பிடியெடுப்பு எல்லாம் இயல்பான சொற்கள். தொடங்கினபோது அவையும் புதுசாத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் சொல்லச் சொல்லக் காதுக்குப் பழகிப்போனது. அதால தம்பி சொல்வதுபோல் அப்படியே கடன் எடுக்க வேண்டாம், ஐயா சொல்வதுபோல் அவ்வளவு உயரத்துக்கும் போக வேண்டாம். 'ஓரப் பிடிப்பாளர்' என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

திருச்சியிலிருந்து:

'வாங்கு' என்ற சொல்லை யாரும் எடுக்காதது வியப்பாக இருக்கிறது. இன்று அது கடையில் வாங்குவது. பழைய வழக்கிலோ வளைதலும் வளைத்தலும் அதன் பொருள்: வாங்கு வில், வாங்கமை. டாலஸ் நண்பர் சொன்ன தடத்தைக் கவனியுங்கள். நேரே ஓடி, சட்டென்று உடலை வளைத்துத் திரும்பி, பந்தைக் கொள்கிறார். வளைதலும் கொள்ளுதலும் ஒரே வினையில்! 'புறவாங்குநர்' என்று ஆக்கலாம். அலைவாங்கி, ஒலிவாங்கி எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. 'ஏற்பி' என்று யாரும் தொடங்கும் முன் சொல்லிவிடுகிறேன்: அதை உயிரியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கோவையிலிருந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

வாங்குதலின் பழம்பொருள் அழகு. ஆனால் இன்றைக்குக் களத்தில் ஒருவர் 'வாங்கினார்' என்றால் அடி வாங்கினார் என்றுதான் காதில் விழும். 'ஏந்து'வுக்கும் அதே தொல்லை, கையேந்துதல் இரத்தலாகிவிட்டது. 'ஓரம்' மட்டும் தப்பியதா? ஓரம் என்றால் நடுவுநிலை தவறுதலும்தான். ஓரவஞ்சனை என்கிறோம், 'மன்றோரம் சொன்னார் மனை' என்று ஔவை சபித்தாளே.

தஞ்சாவூரிலிருந்து, பேராசிரியர்:

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது குற்றமானால் தமிழில் பாதிச் சொல்லைக் களைய வேண்டும். வாளேந்தியவன் இரவலனா?

இலக்கணம் ஒன்று சொல்ல வேண்டும். 'ஏந்தி' என்று சுருக்கலாமே என ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதினார். கூடாது. ஊர்தி போல இகர ஈற்றுப் பெயராக அமையும் என்பது உண்மை. ஆனால் 'ஏந்தி ஓடினார்' என்று எழுதும்போது அது பெயரா வினையெச்சமா என்று படிப்பவர் தடுமாறுவார். இந்த ஆட்டத்தில் பந்தை ஏந்திய பிறகு ஓடுவதும் உண்டு என்பதால் தடுமாற்றம் வாக்கியத்துக்கு வாக்கியம் வரும். ஏந்துநர் என்றே இருக்கட்டும்.

டாலஸிலிருந்து:

பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லைத் துருவுகிறோம், அந்த மனிதர் செய்ததை விட்டுவிடுகிறோம். அதையும் கொஞ்சம் பாருங்கள்.

இவர் ஆட்டத்திலேயே மிக வேகமானவர் என்று யாரும் சொன்னதில்லை. பயிற்சியாளர் பில் வால்ஷ் இவரை எடுப்பதற்காகவே வீரர் தேர்வில் தன் முறையை நியூ இங்கிலாந்து அணியோடு மாற்றிக்கொண்டார். முதல் பருவத்தில் கைக்கு வந்த பந்துகளைத் தவறவிட்டு ரசிகர்களின் கூச்சலையும் கேட்டார் ரைஸ். 1987இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் அவர் ஆடியது 12 ஆட்டங்கள். அதில் 22 டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) பிடித்தார். அந்தக் கணக்கை ராண்டி மாஸ் 23 எடுத்துத் தாண்ட 2007 வரை ஆயிற்று, அதுவும் 16 ஆட்டங்களில். பருவம் முடிந்த மாதங்களில் சான் கார்லோஸ் பக்கத்து மலைத்தடத்தில் ஏறி ஓடுவார். கூட ஓட வந்த இளைஞர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாரும் சொல்லும் கதை. 1997இல் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. டிசம்பரில் திரும்பி வந்து ஒரு டச்டவுன் பிடித்தார். அதே ஆட்டத்தில் முழங்கால் சில்லு உடைந்தது. அதற்குப் பிறகும் ஏழு பருவங்கள். 2002இல், நாற்பது வயது ஆன ஆண்டில், ஓக்லாண்டுக்காக 92 பந்துகள் பிடித்து 1,211 கெசம் சேர்த்தார். கடைசியாக ஆடிய அணி சியாட்டில், 2004இல். மொத்தம் 1,549 பிடிகள், 22,895 கெசம், 208 டச்டவுன். இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17 பருவங்கள் ஆடி 17,492 கெசம்.

இன்னொன்று. 1989 ஜனவரியில் மயாமியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டி. ரைஸ் 11 பந்துகளில் 215 கெசம் எடுத்துச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஆனால் 34 வினாடி மீதம் இருக்கையில் வெற்றிப் பந்தைப் பிடித்தவர் ஜான் டெய்லர். எதிரணியின் கவனத்தைத் தன் பக்கம் இழுப்பதும் ரைஸின் வேலை. பந்து வராத ஆட்டத்திலும் இவர் வைட் ரிசீவர்தான். ஏந்து, பிடி, வாங்கு மூன்றுமே பாதிதான் சொல்கின்றன என்பதே என் கவலை. 'ஓரம்' என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. ஓரத்தில் தொடங்கி நடுக்களத்துக்குச் சாய்வாக வெட்டி ஓடி, பிடித்து, பிறகு நெடுந்தூரம் ஓடுவதில்தான் இவர் பெயர் பெற்றார்.

கோவையிலிருந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

தம்பி, இதைத்தான் முதல் மடலிலேயே கேட்டேன். நன்றி. பிடிக்கும் இடத்தை விடுங்கள், நிற்கும் இடத்தைக் கொண்டு பெயர் வைக்கலாம். ஆங்கிலமும் அதைத்தான் செய்திருக்கிறது. ஒரு சொல் ஆளின் முழுத் தொழிலையும் சொல்லியாக வேண்டியதில்லை. மீதியைக் கட்டுரை சொல்லும். என் வாக்கு ஓரப் பிடிப்பாளருக்கு.

சாந்தா கிளாராவிலிருந்து, தமிழ்ப் பள்ளி ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் மூன்று சொற்களையும் பலகையில் எழுதி, எது யார் என்று கேட்டேன். 'ஓரப் பிடிப்பாளர்' என்றதும் கட்டுரை எழுதிய பையனே எழுந்து, "ஓரத்துல நின்னு பிடிக்கிறவர், ரைஸ்தான்" என்றான். 'விளிம்பேந்துநர்' என்பதை உரக்கப் படிக்கவே சிலருக்குக் கடினமாக இருந்தது. பொருள் சொன்ன பிறகு இரண்டு பிள்ளைகள் அதுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள்; அதையும் சொல்லிவிட வேண்டும். 'புறவாங்குநர்' யாருக்கும் பிடிபடவில்லை.

முதல் இடத்தில் 'ஓரப் பிடிப்பாளர் எனப்படும் வைட் ரிசீவர்' என்று போட்டு, பிறகு ஓரப் பிடிப்பாளர் என்றே தொடரலாம் என்று நினைக்கிறேன். டச்டவுனையும் குவார்ட்டர்பேக்கையும் இம்முறை அப்படியே விடுகிறேன்.

கோவையிலிருந்து, மென்பொருள் துறை நண்பர்:

முதல் இடத்தில் இரண்டும் வருவதால் எனக்குத் தடையில்லை. ஆனால் 'கெசம்' பிள்ளைகளுக்குத் தெரியுமா? அங்கே 'யார்டு' போடுங்கள்.

டொராண்டோவிலிருந்து:

சந்தோசம் அக்கா. மலர் வந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கோ.

திருச்சியிலிருந்து:

பெரும்பான்மை முடிவை ஏற்கிறேன். வாங்குதலைப் பற்றித் தனியாக ஒரு நீண்ட மடல் எழுதுவேன்.

தஞ்சாவூரிலிருந்து, பேராசிரியர்:

மலருக்கு அது போதும். என் தொகுப்பில் விளிம்பேந்துநர் என்றே பதிவேன். அந்த இரண்டு பிள்ளைகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் அம்மா. 'பிடிப்பாளர்' என்று ஓடுபவரையும் அண்மையில் நிற்பவரையும் சேர்த்துப் பொதுவாக வைத்துவிட்டால், நாளைக்கு அந்தப் பருத்த ஐவரை ஒட்டி நிற்கும் 'டைட் எண்ட்' வரும்போது என்ன செய்வீர்கள்? அவர் பிடிப்பதும் உண்டு, தடுப்பதும் உண்டு. டாலஸ் நண்பர் அவர் வேலையை விரிவாக எழுதட்டும். 'அண்மை' என்ற வேரில் என்னிடம் சில உள்ளன.