மேலாண்மைப் பயிற்சி முடிந்த பிறகு யாராவது வந்து பார்த்தார்களா? சுகாதாரத் துறை ஆட்கள் எழுதுங்கள்

அந்தியூர்க்காரன் (சுகாதார ஆய்வாளர்)

கோயம்புத்தூரில் நடந்த மேலாண்மைப் பயிற்சி. துறையில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மீன்முள் படம் (ஒரு பிரச்சினையின் காரணங்களை மீன் முள் மாதிரி பிரித்து வரைவது), குழு விளையாட்டு, கடைசி நாள் சான்றிதழ், குரூப் போட்டோ. எனக்கு இன்னும் உறுத்துவது அந்தக் கருத்துப் படிவம். பக்கத்தில் மலைப் பகுதியில் வேலை பார்க்கிற கிராம சுகாதார செவிலியர் அக்கா. எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு 5 போட்டுக்கொண்டே வந்தவர், 'உங்கள் பணியிடத்தில் எதை மாற்றப் போகிறீர்கள்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். "தம்பி, துணை சுகாதார நிலையத்துக் குழாய் ஒழுகுனாக்கூட மேல கேக்கோணும். நான் என்னத்தெ மாத்தறேன்னு எழுதறது?" என்றார். ஒருங்கிணைப்பாளர் வந்து, "காலியா விடாதீங்க, நேர மேலாண்மைன்னு எழுதுங்க" என்றார். அக்கா எழுதினார். அந்த வரிசை முழுக்க அதையே எழுதியது. பயிற்சி வெற்றி என்று அறிக்கை போயிருக்கும். அந்த அக்காவுக்கு என்ன கிடைத்தது?

அமராவதிக் கரை (மருந்தாளுநர், தாராபுரம் பக்கம்)

எல்லாப் பயிற்சியும் அப்படி இல்லைங்க. எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தார். சில மாதம் கழித்து, பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் சொல்லாமல் வந்து நின்றார். டாக்டரிடம் பாடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேரே தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் குளிர்பெட்டியிடம் போனார், வெப்பநிலைப் பதிவேட்டைப் புரட்டினார். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், காலை மாலை இரண்டு வேளையும் பார்த்து எழுத வேண்டும், தெரிந்ததுதான். பக்கம் முழுக்க 4, 4, 4. விரலை ஓர் இடத்தில் வைத்து, "இது ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு யார் வந்து பார்த்தீங்க?" என்றார். அறையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர் திட்டவில்லை, டாக்டரோடு உட்கார்ந்து ஞாயிறு, பண்டிகை நாளுக்கு முறை போட்டு, சாவி யாரிடம் இருக்கும் என்பது வரை எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனார். இப்போது பதிவேட்டில் 3.5, 5, 6 என்று உண்மையான எண்கள் இருக்கின்றன. பயிற்சி வேலை செய்தது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

அப்புறம், அந்தியூர்க்காரரே, துணை சுகாதார நிலையத்தின் சின்னத் தேவைகளுக்கு அங்கேயே செலவழிக்க அன்டைடு நிதி என்று ஒன்று இருக்கிறதே, குழாய்க்கு அதில் எடுக்கலாமே?

நொய்யல் (பொது சுகாதார முதுநிலை, பயிற்சி மதிப்பீட்டுப் பணி)

தாராபுரம் நண்பர் சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. பதிவேடு மாறியது பயிற்சியாலா, வந்து பார்த்ததாலா? பயிற்சியே இல்லாமல் அந்த ஆள் வந்திருந்தாலும் மாறியிருக்குமே.

என் அனுபவம் சின்னது. ஒரு பயிற்சியில் பட்ஜெட் போடும் திறனுக்கு ஒருவர் தொடக்கத்தில் தனக்கு 4 போட்டிருந்தார், முடிவில் 3. பயிற்சியாளர் முகம் வாடிவிட்டது. அந்த மனிதர் பின்னாடி போகவில்லை, பட்ஜெட் என்றால் என்ன என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. அதனால் தொடக்கத்தில் கேட்பதோடு நிற்காமல், முடிவில் 'அன்று எப்படி இருந்தீர்கள், இன்று எப்படி இருக்கிறீர்கள்' என்று ஒரே தாளில் இரண்டையும் கேளுங்கள். 1959-இலேயே டொனால்ட் கிர்க்பாட்ரிக் நான்கு படிகள் சொல்லிவிட்டார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் வந்ததா. நாம் முதல் படியிலேயே உட்கார்ந்து 5 எண்ணிக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று, மோசமான நிலையங்களை மட்டும் பொறுக்கிப் பயிற்சி கொடுத்துவிட்டு 'உயர்ந்தது' என்று எழுதாதீர்கள். ஒரு மாதம் மிக மோசமாக இருந்த நிலையம் அடுத்த மாதம் பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் ஏறும். பயிற்சிக்குப் போகாத, அதே மாதிரியான நிலையங்களையும் கூடவே பாருங்கள், அவற்றைவிட இவை கூடுதலாக ஏறியதா என்பதுதான் கணக்கு. எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைப் பயிற்சி தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள், முடிந்த பிறகு நன்றாக வந்த எண்ணைத் தேடிப் பிடிக்கக் கூடாது.

தாளவாடி செவிலியர்

கணக்கெல்லாம் சரிங்க சார். அன்டைடு நிதி பற்றி எழுதியவருக்கு: பணம் இருக்கிறது, பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தும் சேர்ந்தால்தான் எடுக்க முடியும். மழைக்காலத்தில் ஒரு கையெழுத்துக்கு மலையில் எத்தனை நடை என்று வந்து பார்த்தால் தெரியும்.

எங்கள் மேற்பார்வையாளர் அம்மா பயிற்சி முடித்து வந்த பிறகு முதல் மாதக் கூட்டம். வழக்கமாக இலக்கு குறைந்தவர்களை எழுப்பி நிற்க வைப்பார்கள். அன்று அந்த அம்மா என்னிடம், "உன் பகுதியில ரெண்டு கர்ப்பிணிகள் பிரசவத்துக்குக் கீழ எறங்க மாட்டேங்கறாங்களாமே, எதனால கண்ணு?" என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக என்னிடம் காரணம் கேட்டது அன்றுதான். வீட்டில் மற்ற பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை என்றேன், பிரசவ தேதிக்கு முன்னாடியே பிள்ளைகளோடு வந்து தங்க இடம் பேசி வைத்தார். இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். கொஞ்ச நாளில் அந்த அம்மாவை வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது கூட்டத்தில் மறுபடி நிற்கிறோம். நொய்யல் சார், உங்கள் நான்கு படியில் இதை எங்கே எழுதுவீர்கள்?

நொய்யல்

மூன்றாவது படி, சகோதரி. ஆனால் அந்த அம்மாவின் பெயரில் எழுதினால் அவர் போனதும் பயிற்சியும் போய்விடும். அவர் இருந்த வட்டாரத்தின் பெயரில் எழுதி, ஒரு வருடம் கழித்து அங்கே இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். எங்கள் படிவத்தில் அந்த இடம் இல்லை. அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன்.