பொருள்: ஸ்கோப் ‘லெவலிங்’ – மட்டமா, தூக்கா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரைஃபிள் ஸ்கோப் (துப்பாக்கிமேல் பூட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்தும் வேலைக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘லெவலிங்’ என்பதற்கு நேரே ‘மட்டப்படுத்தல்’ என்றும், ‘கேண்ட்’ என்பதற்கு நேரே ‘சாய்வு’ என்றும் இருக்கிறது. இரண்டுக்கும் மறுப்பு எழுதுகிறேன். நண்பர்கள் எழுப்பிய கேள்விகளையும் இடையிடையே எடுத்துப் போட்டுப் பதில் சொல்கிறேன். இந்தச் சொற்களை நம்பி ஒருவர் ஸ்கோப்பைப் பூட்டினால் தப்பாகப் பூட்ட நிறைய வாய்ப்பு உண்டு.

முதலில் சாய்வு. மலைச்சரிவில் மேலே இருக்கும் இலக்கைச் சுடும்போது குழல் மேல்நோக்கிச் சாய்கிறது. அதைத்தான் எல்லோரும் சாய்வு என்பார்கள். அதற்குக் கணக்கே வேறு. ‘கேண்ட்’ அது இல்லை. குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, அந்தக் குழலையே அச்சாகக் கொண்டு துப்பாக்கி இடமோ வலமோ உருள்வதுதான் ‘கேண்ட்’. ‘பக்கச்சாய்வு’ என்று ஒருவர் சொன்னார். கிட்டத்தட்டச் சரிதான், ஆனால் செய்தித்தாளில் பாரபட்சத்துக்குப் பக்கத்தில் உட்காரும் சொல் போல ஒலிக்கிறது.

நான் சொல்வது: ஒருக்களிப்பு. ஒருக்களித்துப் படுக்கிறோம். தலை இருந்த திசையில் தலை, கால் இருந்த திசையில் கால். உடம்பு மட்டும் தன் நீளவாக்கில் திரும்பியிருக்கிறது. துப்பாக்கிக்கு நடப்பது அச்சு அசலாக இதுவே.

> கதவை ஒருக்களித்துச் சாத்து என்கிறோமே, அங்கே பொருள் வேறல்லவா?

வேறில்லை, அம்மா. கதவும் தன் நீளவாக்கில் உள்ள கீலைச் சுற்றித்தான் திரும்புகிறது. உங்கள் எடுத்துக்காட்டு என் பக்கம்தான் சேருகிறது.

> ஆங்கிலத்தில் ‘கேண்ட்’ ஒன்றே இரண்டுக்கும் ஓடுகிறது. நமக்கு மட்டும் எதற்கு இரண்டு சொல்?

ஐயா, அங்கே ஓடுவதால்தான் அவர்களும் பாதி நேரம் எந்தக் ‘கேண்ட்’ என்று விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். கோணம் இரண்டு. ஒன்று, புவியீர்ப்புத் திசையோடு ஒப்பிடும்போது துப்பாக்கி உருண்டிருப்பது. மற்றொன்று, துப்பாக்கியோடு ஒப்பிடும்போது ஸ்கோப், அதைத் துப்பாக்கியோடு பிணைக்கும் வளையத்துக்குள் உருண்டிருப்பது. முதலாவது ஒவ்வொரு சுடுதலிலும் மாறும், சுடுபவரின் தோளையும் பிடியையும் பொறுத்தது. இரண்டாவது மேசைமேல் வைத்துப் பூட்டும்போதே குடியேறிவிடும். மறுபடி கழற்றும்வரை போகாது. திருத்தும் இடம் வேறு, திருத்துகிற விதம் வேறு. ஒரே பெயர் வைத்தால் மேசையில் செய்த பிழைக்குத் தோளைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இந்த இரண்டாவதற்கு என் பரிந்துரை புரள்வு. பூட்டிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வளையத்தின் மேல்மூடியை வைத்து, வலப்பக்கத் திருகுகளை முதலில் இறுக்கினால், மூடி ஸ்கோப்பின் குழாயையும் சேர்த்து இழுக்கும். கண்ணை வைத்தபடி இறுக்கினால் குறுக்குக்கம்பி (ஸ்கோப்புக்குள் தெரியும் நெடுக்கும் கிடையுமான குறிக்கோடுகள்) மெல்லப் புரள்வதைப் பார்க்கவே முடியும். அதனால்தான் ஒரு பக்கத்தை முழுக்க இறுக்காமல், இடவலமாகவும் குறுக்காகவும் கால் சுற்று, கால் சுற்றாக இறக்குகிறோம். மூடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறோம். பெரும்பாலான வளையங்களுக்கு 15 முதல் 20 அங்குல-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை போதும். வளையத்தோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே சட்டம். கைவலுவைக் காட்டினால் குழாய் நசுங்கும். புரள்வுக்குப் பதில் ‘திருகல்’ என்ற பெயரும் வந்தது. திருகாணி, திருப்பு விசை, ஏற்றத் திருகு (குறியின் உயரத்தைத் திருத்தும் மேல்திருகு) எல்லாம் இருக்கிற இடத்தில் இன்னொரு திருகல் தாங்காது. ஆனால் புரள்வு என்றே நிற்கட்டும். புரட்டு, புரளி என்று போனால் அது வேறு வழக்கு.

இனி முக்கியமானது, ‘லெவலிங்’. மட்டப்படுத்தல் என்றதும் கை ரசமட்டத்தைத் தேடும். ரெயிலின் (துப்பாக்கியில் ஸ்கோப் வளையங்கள் ஏறும் பட்டையின்) மேல் ஒன்றை வைத்து, ஸ்கோப்பின் மேல்திருகு மூடியில் இன்னொன்றை வைத்து, இரண்டு குமிழியும் நடுவுக்கு வந்தால் முடிந்தது என்று நினைப்போம். முடியவில்லை. மூடியின் மேற்பரப்பும் உள்ளே இருக்கும் குறுக்குக்கம்பியும் இணையாக இருந்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நமக்கு வேண்டியது மூடி மட்டமாக இருப்பது அல்ல, நெடுக்குக் கம்பி புவியீர்ப்பின் வழியில் நிற்பது. கொத்தனார் இதற்கு மட்டம் பார்ப்பது என்று சொல்ல மாட்டார். தளத்துக்கு மட்டம், சுவருக்குத் தூக்கு. குறுக்குக்கம்பி சுவர்க் கட்சி.

எனவே தூக்குப் பார்த்தல். செய்முறையும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகத்தை) உருவி வைத்துவிட்டு, ரெயில் மட்டமாக இருக்கும்படி பிடிப்பில் நிறுத்துகிறோம். ஸ்கோப்பின் குவியம் எட்டும் தூரத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறோம். வெளியில் காற்று ஆட்டினால் குண்டைத் தண்ணீர் வாளிக்குள் முங்கவிட்டால் நூல் நின்றுவிடும். பிறகு குழாயைப் புரட்டி, நெடுக்குக் கம்பியை நூலின் மேல் படியவைக்கிறோம். இதற்கெல்லாம் முன்பே, எந்த நிலையில் சுடப்போகிறோமோ அந்த நிலையில் படுத்துப் பார்த்து, உச்ச உருப்பெருக்கத்தில் கண்விலக்கத்தை (கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே உள்ள தூரத்தை) முடிவு செய்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் தூக்குப் பார்த்த பிறகு மறுபடி குழாயை நகர்த்த வேண்டிவரும்.

> ‘செங்குத்தாக்கல்’ என்றால் போதாதா? தூக்கு என்றால் தூக்குத்தண்டனைதான் ஞாபகம் வருகிறது, அதுவும் துப்பாக்கிப் பேச்சில்!

சிரித்துவிட்டேன். ஆனால் செங்குத்து என்றால் எதற்குச் செங்குத்து? நெடுக்குக் கம்பி எவ்வளவு புரண்டாலும் கிடைக்கம்பிக்குச் செங்குத்தாகத்தான் இருக்கும். பள்ளிக் கணக்கில் படித்த செங்குத்து எந்தக் கோட்டுக்கும் பொருந்தும். தூக்கு மட்டும்தான் பூமியைக் கேட்டுச் சொல்கிறது.

இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டவருக்கு ஒரு கணக்கு. 1,000 மீட்டருக்கு ஏற்றத் திருகில் 10 மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏற்றியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில் அது 10 மீட்டர் உயரம். கம்பி தூக்கிலிருந்து 1 பாகை விலகினால் குண்டு பக்கவாட்டில் சுமார் 17 செ.மீ. போகும், 3 பாகை விலகினால் 52 செ.மீ. கனடாவில் பிறந்த எஃப்-கிளாஸ் நெடுந்தூர ரைஃபிள் போட்டியில், அமெரிக்க விதிப்படி, 1,000 யார்டு இலக்கின் பத்துப் புள்ளி வளையம் 10 அங்குலம், அதாவது மையத்திலிருந்து 12.7 செ.மீ.தான். ஒரு பாகையே வளையத்துக்கு வெளியே தள்ளிவிடும். அங்கேயும் ஒரே தூரத்தில் சுடுபவர் புரள்வோடு காலம் தள்ளலாம், பக்க விலகலையும் சேர்த்தே திருத்திக்கொள்வார். 800, 900, 1,000 என்று தூரம் மாறும்போதுதான் குட்டு வெளிப்படும். ஒருக்களிப்பு அப்படி இல்லை. ஒரு சுடுதலில் இடம், அடுத்ததில் வலம் என்றால் எந்தத் திருத்தமும் உதவாது.

இன்னொன்று. துப்பாக்கியைத் தோளில் கொஞ்சம் ஒருக்களித்தே பிடிப்பது சிலருக்கு இயல்பு. அந்த நிலையிலேயே குழாயைப் புரட்டிக் கம்பியைத் தூக்கில் நிறுத்திவிட்டால் பெரும்பகுதி சிக்கல் தீர்ந்தது. ஸ்கோப் குழலுக்கு மேலே 5 செ.மீ. உயரத்தில் இருந்தால், 3 பாகை ஒருக்களிப்பில் அது பக்கவாட்டில் நகர்வது 3 மி.மீ.க்கும் குறைவு, 100 மீட்டரில் ஜீரோ செய்தால் (குறியிலேயே குண்டு படும்படி திருத்தினால்) 1,000 மீட்டரில் இரண்டரை செ.மீ.க்குள் முடிந்துவிடும். மேலே சொன்ன 52 செ.மீ. எங்கே, இது எங்கே. இந்த உத்தியை விளக்க மட்டம் என்ற சொல்லால் முடியாது, ஏனென்றால் இங்கே துப்பாக்கி மட்டமாகவே இல்லை.

சோதனைக்கு: 100 மீட்டரில் ஆளுயரத் தாள், அதில் தூக்குநூல் பார்த்துப் போட்ட நெடுங்கோடு. அடியில் குறிவைத்துச் சுட்டு, 10 மில் ஏற்றி, அதே அடிப்புள்ளியில் குறிவைத்து மறுபடி சுட வேண்டும். குண்டுகள் 100 செ.மீ. மேலே, கோட்டின்மேல் விழ வேண்டும். கோட்டை விட்டு 1.7 செ.மீ. விலகினால் ஒரு பாகை பாக்கி. உயரமே 100 வராவிட்டால் அது ஸ்கோப்பின் திருகுக் குறை, நம் சொல்லாராய்ச்சிக்குச் சம்பந்தமில்லை. இதற்கு ‘நெடுங்கோட்டுச் சோதனை’ போதும்.

மற்றவை பற்றிச் சண்டையில்லை. ‘ரெட்டிகிள்’ என்பதற்கு இயற்பியல் ஆய்வகத்தில் நிறமாலைமானியில் பார்த்த குறுக்குக்கம்பியே இருக்கட்டும். ‘ஸ்கோப்’ ஸ்கோப்பாகவே இருக்கட்டும். இந்திய வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் துளைவழிக் குறிதான், ஸ்கோப்புக்கு இடமில்லை. ஆக விளையாட்டுப் பக்கங்களிலிருந்து நமக்கு வழக்குச் சொல் கிடைக்காது. ‘கிளிக்’ என்பதற்குச் சொடுக்கு என்று போட்டதில் எனக்குத் தயக்கம் உண்டு, அது மவுஸோடு போய்விட்டது. திருகைத் திருப்பும்போது விரலில் படுவது ஒரு பல் தாண்டும் உணர்வு. ‘பல்’ என்றே வைத்து, “இரண்டு பல் ஏற்று” என்று சொல்லலாமா? இயந்திரப் பட்டறைக்காரர்கள் யாராவது சொன்னால் நல்லது.

பட்டியலைப் பராமரிப்பவருக்கு: ‘சாய்வு’ வரியை எடுத்துவிட்டு ஒருக்களிப்பு, புரள்வு என்று இரண்டு வரி போடுங்கள், ‘மட்டப்படுத்தல்’ இடத்தில் தூக்குப் பார்த்தல். பல்லை இப்போதைக்குக் கேள்விக்குறியோடு வையுங்கள்.