மத்தி மீனா, மாத்திரையா?

முத்தியால்பேட்டை வாசி:
ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 290. 150-க்குள் இருக்க வேண்டுமாம். போதாக்குறைக்கு முழங்கையிலும் கெண்டைக்காலிலும் தோல் வறண்டு செதில் செதிலாக உதிர்கிறது. மருந்துக்கடையில் கேட்டால் கொழுப்புக்கு மீன் எண்ணெய் மாத்திரை ஒரு டப்பா, தோலுக்கு ஈவினிங் பிரிம்ரோஸ் என்ற பூச்செடியின் விதை எண்ணெய் மாத்திரை ஒரு டப்பா எடுத்து வைக்கிறார்கள். விலையைப் பார்த்து யோசனையாக இருக்கிறது. வாங்கலாமா?

முதுநகர் மீன்பிரியன்:
கடலோரத்தில் இருந்துகொண்டு மீன் எண்ணெயை டப்பாவில் வாங்குவதா தம்பி? விடிகாலையில் கடலூர் துறைமுகத்துக்கு வாங்க, மத்தி மீனும் கவலை மீனும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். 100 கிராம் மத்தியில் இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இரண்டும் சேர்த்து சுமார் 1 கிராம். பருவத்துக்கு ஏற்ப ஏறும், இறங்கும். அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1000 மி.கி. என்றிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஎச்ஏ 120, அவ்வளவுதான். வாரம் இரண்டு நாள் புளி கரைத்துக் குழம்பு வையுங்கள். முறுகலாகப் பொரித்தால் மீனின் கொழுப்பு சட்டிக்குப் போய், சட்டி எண்ணெய்தான் வயிற்றுக்கு வரும்.

நெல்லித்தோப்பு மருந்தாளுநர்:
அண்ணன் சொன்ன லேபிள் கணக்கு சரி. ஆனால் 290-ஐக் குழம்பு இறக்காது. மருந்தாகத் தயாரித்த ஒமேகா-3 நாளுக்கு 4 கிராம் எடுத்தால் ட்ரைகிளிசரைடு 20 முதல் 30 சதவீதம் குறையும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2019-ல் சொன்னது. அதை மீனில் பிடிக்க தினமும் அரைக்கிலோ மத்தியாவது ஆய வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மத்தி விலை கேட்டீர்களா? 2018-ல் வெளிவந்த ரெட்யூஸ்-இட் ஆய்வில் 4 கிராம் தூய இபிஏ எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 25 சதவீதம் குறைந்தன. மாத்திரை என்றாலே ஏமாற்று வேலை என்று பேச வேண்டாம்.

புதுவை சந்தேகி:
சார், முழுக் கதையையும் சொல்லுங்கள். அந்த ஆய்வில் ஒப்பீட்டுக்குக் கொடுத்தது மினரல் ஆயில். அதை விழுங்கியவர்களுக்குக் கெட்ட கொழுப்பு ஏறியது. அதனால்தான் மருந்து நல்லதாகத் தெரிந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஒமேகா-3 மருந்தைச் சோள எண்ணெயோடு ஒப்பிட்ட ஸ்ட்ரெங்த் ஆய்வை 2020-ல் பலனில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். அதில் டிஎச்ஏயும் கலந்திருந்தது என்பீர்கள்; சரி, வாதத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதயத்துடிப்பு தாறுமாறாகும் கோளாறு இரண்டு ஆய்விலுமே கூடியது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதோடு, கடையில் எடுத்து வைத்தது நீங்கள் சொல்லும் மருந்தே இல்லை. அந்த 300 மி.கி. சரக்கில் உங்கள் அளவை எட்ட தினம் ஒரு டஜன் விழுங்க வேண்டும்.

பிரிம்ரோஸ் கதை இன்னும் மோசம். எக்ஸிமா என்ற தோல் அழற்சிக்கு என்று அது பெற்றிருந்த மருந்து உரிமத்தை பிரிட்டன் 2002-லேயே திரும்பப் பெற்றது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2013 காக்ரேன் மதிப்பாய்வும் எக்ஸிமாவுக்கு வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் இல்லை என்றுதான் முடித்தது.

நெல்லித்தோப்பு மருந்தாளுநர்:
பிரிம்ரோஸை நான் எங்கே தூக்கிப் பிடித்தேன்? நான் பேசியது ட்ரைகிளிசரைடைப் பற்றி. டாக்டர் சீட்டோடு, ஈசிஜி பார்த்து எடுப்பது வேறு, கண்ட டப்பாவை வாங்குவது வேறு.

திருப்பாதிரிப்புலியூர் அக்கா:
மூன்று பேரும் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கொழுப்பே இல்லாத தீனி கொடுத்த எலிகளுக்குத் தோல் செதிலானதை அமெரிக்க விஞ்ஞானிகளான பர் தம்பதி 1929-ல் காட்டினார்கள், உண்மைதான். அங்கே குறைந்தது லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அது மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் சூரியகாந்தியிலும் தாராளமாக இருக்கிறது. வீட்டில் தாளித்துச் சாப்பிடுகிறவருக்கு அந்தக் குறை வருவது அபூர்வம்.

தம்பி, தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா? தைராய்டு மந்தமானால் தோலும் வறளும், ரத்தக் கொழுப்பும் ஏறும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அப்புறம், புதுச்சேரிக்காரரிடம் கேட்கக் கூடாதுதான், சனிக்கிழமை ராத்திரி எப்படி? சாராயம் ட்ரைகிளிசரைடை ஏற்றும். பரிசோதனைக்கு முந்தின ராத்திரி குடித்திருந்தாலே எண் கூடுதலாகக் காட்டும்.

முத்தியால்பேட்டை வாசி:
தைராய்டு பார்க்கவில்லை அக்கா. சனிக்கிழமை பற்றி தனிச்செய்தியில் சொல்கிறேன்.

முதுநகர் மீன்பிரியன்:
அதுவரைக்கும் மத்தி சாப்பிடலாமா, அதற்கும் ஆய்வு வேண்டுமா?

புதுவை சந்தேகி:
தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் சோற்று மலைக்கு மேல் குழம்பை ஊற்றிவிட்டு 290 ஏன் இறங்கவில்லை என்று இங்கே வந்து கேட்கக் கூடாது.